சேக்கிழார் கண்ட ஆன்காவல்

பெரியபுராணத்துள் பசுக்கள் கதையின் போக்கையே மாற்றும் அளவுக்கு முதன்மை பெறும் இடங்கள் நான்கினைச் சிறப்பாகக் கூறலாம். திருவாரூரில் மனுவேந்தன் வாயிலில் மணியசைத்த பசு ஒன்று. திருமங்கலத்தில் ஆனாயர் குழலிசைக்கு உருகிய நிரை ஒன்று. சேய்ஞலூரில் விசாரசருமர் மேய்த்த நிரை ஒன்று. சாத்தனூரில் மூலன் என்னும் ஆயன் இறந்துபட, அவனைச் சூழ்ந்து கதறிய நிரை ஒன்று. இவற்றுள் முதலாவதனை யாம் ஈண்டு எடுத்துக்கொள்ளவில்லை. அப்பசு முறை வேண்டி வந்த குடியாக நிற்கின்றதேயன்றி மாடாக நிற்கவில்லை. ஏனைய மூன்றும் அத்தகையன அல்ல. அவற்றில் வரும் பசுக்கள் புல் மேய்கின்றன, நீர் உண்கின்றன, முட்டுகின்றன, மோக்கின்றன, கன்றை நினைந்து வீடு திரும்புகின்றன. தம்மை மேய்ப்பவன் கையும் கோலும் எத்தகையனவோ அதற்கேற்பத் தம் இயல்பையும் மாற்றிக்கொள்கின்றன. இவ்வியல்பு மாற்றத்தைச் சேக்கிழார் எவ்வாறு கண்டார், கண்டதனைக் காப்பியத்துள் எவ்வாறு அமைத்தார் என்பதே எம் ஆராய்ச்சி.

இப்பகுதிகளை அணுகுவோரிடை இருவேறு போக்குகளைக் காண்கிறோம். கறவாமலே பசு பால் பொழிந்தது என்பதனை அருட்செயல் என்றோ உயர்வு நவிற்சி என்றோ கூறி அப்பாற் செல்வது ஒன்று. இக்காலத்துப் பாற்பண்ணை நூல்கள் கூறும் உண்மைகளை எல்லாம் பன்னிரண்டாம் நூற்றாண்டுப் புலவர் முன்னரே அறிந்திருந்தார் எனப் பெருமை பேசுவது மற்றொன்று. இரண்டும் நூலைப் படிப்பதாகா. முன்னது பாட்டில் நிரலாகக் கூறப்பட்டுள்ள செயல்களைக் காணாது விடுகின்றது. பின்னது பாட்டில் இல்லாததனைக் காண்கின்றது.

சேய்ஞலூர் நிகழ்ச்சியை முதற்கண் நோக்குவோம். மண்ணியாற்றங்கரை ஊராகிய அங்கு அந்தணர்தம் பசுக்களை ஆயன் ஒருவன் மேய்க்கின்றான். ஒருநாள் பசு ஒன்று அவன்மேற் கொம்பை ஓச்ச, அவன் கூசாது கோலால் அடிக்கின்றான். அதுகண்ட சிறுவர் விசாரசருமர் அவனைத் தடுத்து, இனி இந்நிரையை யாமே மேய்ப்போம் என மேற்கொள்கின்றார். கதை அறிந்தார் அனைவர்க்கும் இது தெரிந்ததே. ஆயின் முட்டிய பசு எத்தகையது என்பதனைச் சேக்கிழார் ஓர் அடைமொழியாற் குறித்திருப்பதனைப் பலர் கருதுவதில்லை. அது புனிற்றா, அஃதாவது ஈன்று சின்னாளே ஆன பசு. ஈன்றணிமைக்கண் பசு தன் கன்றின் பொருட்டு எவரையும் ஐயுறும். முன்னர்ச் சாதுவாய் இருந்ததும் கொம்பை ஆட்டும். தொழுவத்திற் பழகியோர் இதனை நன்கறிவர். ஈன்ற மாட்டை அணுகுங்கால் பேச்சுக்கொடுத்துக்கொண்டு பக்கவாட்டில் அணுகுதல் அவர் வழக்கம். ஆகவே ஆயனை முட்டியது கொடிய மாடு அன்று. நிலைமை அறிந்து கையாளப்படாத மாடு. அடைமொழி ஒன்றனால் மாட்டின்பால் உள்ள குற்றத்தை நீக்கிவிடுகிறார் ஆசிரியர்.

இதனோடு ஆனாயர் புராணத்தை ஒப்புநோக்கல் வேண்டும். அப்புராணம் இலைமலிந்த சருக்கத்தது. சண்டேசுரர் புராணம் அதனை அடுத்த மும்மையால் உலகாண்ட சருக்கத்தது. எனவே நூலை முறையாகப் படித்து வருவோர் ஆனாயர் நிரையைக் கண்ட பின்னரே சேய்ஞலூர் நிரையைக் காண்கின்றனர். ஆனாயர் நிரையில் கன்றுகள், பால்மறந்த நாகுகள், கறவைகள், சினைப்பசுக்கள், புனிற்றாக்கள், விடைகள் ஆகியன இனந்தோறும் வெவ்வேறாகத் தொகுக்கப்பட்டிருந்தன என்கிறார் சேக்கிழார். இவ்வரிசையை வருணனைக்குரிய அடுக்கு என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. சினையும் ஈற்றும் உடையவற்றை ஏனையவற்றினின்றும் பிரித்து வைத்தல் மந்தை காப்போர் இன்றும் கைக்கொள்ளும் முறை. சேய்ஞலூரிலோ புனிற்றா ஊர்ப்பசுக்களோடு கலந்து பொதுவாக ஓட்டிச் செல்லப்படுகின்றது. அங்கே முட்டல் நிகழ்கின்றது. ஆனாயர்பால் அத்தகைய நிகழ்ச்சி ஒன்றும் இல்லை. இவ்விரண்டனையும் ஆசிரியர் கருதியே இணைத்தார் என யாம் துணிந்து கூறோம். ஆயினும் இரண்டு புராணங்களிலும் அச்சொல் தன் தொழில்நுட்பப் பொருளோடு வந்திருத்தலின், அவர் அதனை ஓசை நிரப்புதற்கு இடவில்லை என்பது தெளிவு.

ஈண்டு ஆயன் பொருட்டும் ஒரு சொல் கூறுதல் நேர்மையாகும். புராணம் அவனுக்குப் பேச இடம் தரவில்லை. பலர் வீட்டு மாடுகளைத் தனி ஒருவனாக ஓட்டிச் செல்பவன் அவன். ஈன்ற பசுவைப் பொது நிரையோடு விட்டது உடையவர் செயலா, அவன் செயலா என்பது கூறப்படவில்லை. கொம்பு உடம்பிற் பாயும்போது கோலை ஓங்குதல் அச்சத்தால் எழும் செயலுமாகலாம். ஆசிரியர் அவனைக் கூசாதவன் என்கிறார். அவ்வொரு சொல்லே அவன்மேல் தீர்ப்பாக நிற்கின்றது. தொழிலையே மரபாகக் கொண்ட ஆயரை இழித்தல் சேக்கிழார் கருத்தன்று என்பதற்கு ஆயர்குலத் தொண்டராகிய ஆனாயரே சான்று. எனினும், இவ்விடத்து ஆயன் கதைக்கு வேண்டிய அளவில் வந்து நீங்குகின்றான் என்பதும், அவன் படைப்பு மெலிந்தது என்பதும் எம் கருத்து.

இனி விசாரசருமர் செய்தன யாவை? பசுவின் புனிதத்தை அவர் எண்ணிப்பார்ப்பதாக ஆசிரியர் முதலிற் கூறுவது சமய நெறி பற்றியது. ஆயின் அதன்பின் வரும் மேய்ச்சற் பகுதியில் அவர் அடுக்கும் செயல்கள் முற்றிலும் மந்தைத் தொழில் சார்ந்தன. கோலும் கயிறும் கையிற்கொண்டு அவர் செல்கிறார். புல் உள்ள காலம் அறிந்து மேய்க்கிறார், மேய்ந்தது போதாதபோது பறித்துக் கொடுக்கிறார், இறங்குதற்கு இனிய துறையில் நல்ல தண்ணீர் ஊட்டுகிறார், எதிர்ப்படும் அச்சத்தை நீக்குகிறார், நல்ல வழியே நடக்கவிடுகிறார், நிழலில் தங்கவைக்கிறார், கறவை நேரம் தவறாது உடையவர் மனைகளிற் கொண்டுசேர்க்கிறார். இவ்வளவும் ஏறக்குறைய ஒரே பாட்டில் அடங்கியுள்ளன. இவற்றுள் அன்பு என்னும் சொல்லால் மட்டும் நிரப்பப்பட்ட இடம் ஒன்றும் இல்லை. துறை இனிதாயிருத்தலும் அச்சம் எதிரே நீங்குதலும் கறவைப்பொழுது பிழையாமையும் மாட்டின் நாளைச் செம்மைப்படுத்தும் செயல்கள். நேரம் தவறாமை, பழகிய வழி, பழகிய ஆள், நிழல், நீர் என்பவற்றையே இன்றும் கால்நடை அறிஞர் வற்புறுத்துகின்றனர்.

அடுத்த பாட்டில் பயன் கூறப்படுகின்றது. அங்கும் காரணம் விடப்படவில்லை. இனிய புல்லும் விரும்பிய புனலும் நிறையக் கிடைத்தமையால் பசுக்கள் மனமகிழ்ச்சி எய்தின. அம்மகிழ்ச்சியால் மடி பெருகிச் சுரந்தன என்பது பொருள். தீனி, மகிழ்ச்சி, சுரப்பு என மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. தீனிக்கும் பாலுக்கும் நேரே முடிச்சுப் போடாமல், இடையே மாட்டின் மனநிலையை வைத்தமை கருதற்பாலது. முன்னையினும் பன்மடங்கு கறக்கக் கண்ட மறையோர், இச்சிறுவன் மேய்த்த பின்னரே இவை மாட்சிமைப்பட்டன என மகிழ்கின்றனர். ஆளை மாற்றியதனால் நிரையின் இயல்பு மாறியது என்னும் இக்கூற்று, உடையவர் வாய்மொழியாகவே வைக்கப்பட்டுள்ளது.

இவ்விடத்து இக்கால ஆராய்ச்சி கூறுவதனைச் சிறிது காணலாம். மடியில் ஊறிய பால் காம்பிற்கு இறங்குதல் மாட்டின் முயற்சியால் ஆவதன்று. கன்று முட்டுதலும், காம்பைத் தொடுதலும், பழகிய ஒலியும் தோற்றமும் மூளையைத் தூண்ட, ஆக்சிடோசின் என்னும் சுரப்பு குருதியிற் கலந்து மடியின் நுண்ணறைகளைச் சுருக்கிப் பாலை இறக்குகின்றது. அச்சம் இதனைத் தடுக்கும். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஈலி, பீட்டர்சன் என்னும் இருவர் 1941-இல் வெளியிட்ட ஆய்வு இதனை விளக்கியது. கறக்கும் பசுவின் முதுகிற் பூனையை ஏற்றியும், அருகே காகிதப் பைகளை வெடித்தும் அவர்கள் அதனை அச்சுறுத்த, பால் இறங்குவது தடைப்பட்டது. அச்சத்திற் சுரக்கும் அட்ரினலினை ஊசிவழிச் செலுத்தியபோதும் அவ்வாறே ஆயிற்று. 1972-இல் பிரித்தானியாவில் சீப்ரூக் என்பார் மாடு காப்போர்தம் இயல்பையும் பாலளவையும் தொடர்புபடுத்தி ஆராய்ந்தார். ரஷன் முதலியோர் 1999-இல் வெளியிட்ட ஆய்வோ இன்னும் கூர்மையானது. பசுக்களை ஒருவர் மென்மையாகவும் மற்றொருவர் வன்மையாகவும் நடத்தினர். பின்னர்க் கறக்கும் நேரத்தில் வன்மையாளர் அருகே நின்ற அளவிலேயே மடியில் இறங்காது எஞ்சிய பால் 70 விழுக்காடு மிகுந்தது. அவர் அப்போது அடிக்கவில்லை, நின்றார், அவ்வளவே.

இதனை அறிந்தபின், கறவாமலே பால் பொழிந்த இடத்தை மீண்டும் படித்தல் வேண்டும். கன்று மனையில் நின்றுவிட்டது. பசு மேய்ச்சற் காட்டில் நிற்கின்றது. நம் நாட்டுப் பசுக்கள் கன்றின்றி எளிதிற் பால் இறக்கா. கன்று இறந்தால் அதன் தோலில் வைக்கோல் அடைத்து முன்னே நிறுத்தும் பழைய வழக்கம் இதனாலேயே எழுந்தது. சேக்கிழார் இவ்வியல்பை மறக்கவில்லை. கன்று பிரிந்திருப்பதனை வெளிப்படவே கூறுகிறார். பிரிந்த கன்றின் இடத்தில் விசாரசருமரை நிறுத்தி, அவரையும் கன்று என்றே உருவகம் செய்கிறார். பசு அவரைக் கண்டு அருகே வந்து, உருகி, தாயின் தன்மை எய்தி, கனைத்துச் சுரக்கின்றது. காணல், அணைதல், உருகல், கனைத்தல், சுரத்தல் என்னும் இம்முறைவைப்பு தொழுவத்தில் கன்றை அவிழ்த்துவிடும்போது நாம் காணும் முறைவைப்பேயாகும். உருவகம் இங்கே அணியாக மட்டும் நில்லாமல் கதையின் காரணமாகவும் பணிசெய்கின்றது. வியப்பு எங்கே தொடங்குகின்றதெனின், கை தொடாமலே பால் நிலத்தில் வீழும் அவ்விறுதி அடியிலேதான். அதுகாறும் நடந்தவை நாட்டு நடப்பு.

திருத்தொண்டத்தொகையிற் சுந்தரர் இத்தொண்டரைப் போற்றுமிடத்து வழிபாடும் தாதையின் சினமும் மழுவும் உள, பசு இல்லை. திருநாவுக்கரசர் தேவாரத்தில் ஓரிடத்தில் ஆத்தியின் நிழலில் மணலால் இலிங்கம் கூப்பி, ஆவின் பாலைக் கறந்து ஆட்டியதாக வருகின்றது. அங்குக் கறத்தல் உண்டு. அடியுண்ட பசுவோ மேய்த்த முறையோ இல்லை. சேக்கிழார் கறவாமையை முதலிற் கூறி, பின்னர் வழிபாட்டிற்குக் குடங்கொண்டு செல்லுமிடத்து, காம்பைத் தீண்டப் பசுக்கள் கனைத்துப் பொழிந்தன என்கிறார். முன்னையோர் மொழிந்த கறத்தலும் இவ்வாறு கைவிடப்படவில்லை. ஆனால் ஆன்காவல் என்னும் பகுதி முழுவதும் இவர் விரித்துரைத்தது. தொண்டர் ஒருவர் தந்தையின் தாளை எறிந்த கடுஞ்செயலைப் பாடவந்த புலவர், அதற்குமுன் புல்லும் நீரும் நிழலும் பற்றி இத்துணைப் பொறுமையாகப் பேசியது ஏன்?

விடை கோலில் உள்ளது என்பது எம் துணிபு. இப்புராணத்தில் கோல் பலமுறை வருகின்றது. ஆயன் கோல் பசுவின்மேல் வீழ்கின்றது. விசாரசருமர் கையிலும் கோல் உண்டு. ஆயின் அது பசுவின்மேற் பட்டதாக ஓரிடத்தும் இல்லை. பால் வீணாகின்றது என்னும் பழிமொழி கேட்டு, குராமரத்தில் ஏறி மறைந்திருந்த தந்தை எச்சதத்தன், இறங்கிவந்து கைத்தண்டினால் மகன் முதுகிற் புடைக்கின்றான். மகன் உணரவில்லை. பாற்குடத்தைக் காலால் இடறியபோதுதான் முன்னே கிடந்த கோலை மகன் எடுக்கிறார்; அது மழுவாகின்றது. பசுவை அடித்த ஆயனும் மகனை அடித்த தந்தையும் ஒரே வகையான கையினர். அடி தன்மேல் வீழ்ந்தபோது பொறுத்தவர், பசுவின்மேல் வீழ்ந்தபோதும் வழிபாட்டின்மேற் கால் வீழ்ந்தபோதும் பொறாதவராகிறார். ஆன்காவற் பகுதி இல்லையாயின் இவ்வொழுங்கு புலப்படாது. மழு திடீரென வந்ததாகவே தோன்றும். மேய்த்தற் செய்திகளை வெறும் வருணனை எனத் தள்ளுவோர் இழப்பது இதனையே.

ஆனாயர் குழலிசைப் பகுதியில் எம் மதிப்பீடு சற்று வேறுபடுகின்றது. அறுகு அருந்திய பசுக்கள் அசைவிடாமல் வந்தணைந்தன. நுரைவாய்க் கன்றுகள் முலையுண்ணல் மறந்தன என்னும் தொடக்கம் மிக நுட்பமானது. மாடு அசைபோடுதலை நிறுத்துவது கவனம் ஒன்றிற் குவிந்தமைக்கு அடையாளம். அச்சத்திற்கும் அதுவே அடையாளம். இவ்விரண்டனுள் எது என்னும் ஐயம் எழாதவாறு, அவை அருகே வந்தன என்கிறார் ஆசிரியர். அஞ்சிய மாடு விலகும், அணையாது. டெம்பிள் கிராண்டின் என்னும் அமெரிக்க அறிஞர் விளக்கியதுபோல், மாடு ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி ஓர் எல்லையை வைத்துக்கொண்டு, அதனுள் ஆள் நுழைந்தால் விலகிச்செல்கின்றது. மென்மையாகப் பழக்கப்பட்ட மாட்டிற்கு அவ்வெல்லை சுருங்கும். சிலவற்றிற்கு அறவே இல்லாதொழியும். ஆனாயரைச் சூழ்ந்த நிரைக்கு அவ்வெல்லை இல்லை. விலங்கிடர் கடிந்து, நோய் நீக்கி, மென்புல்லும் தூநீரும் அளித்து அவர் காத்த செய்தி முன்னரே கூறப்பட்டிருத்தலின், இந்நெருக்கம் இசையால் மட்டும் வந்ததன்று. ஆனால் அதன்மேல் மானும் மயிலும் பாம்பும் சிங்கமும் யானையும் பகை மறந்து கூடும்போது, ஆசிரியர் தொழுவத்தை விட்டுக் காப்பிய மரபுக்குள் நுழைந்துவிடுகிறார். அவை இசையின் பெருமையை உயர்த்துகின்றன. பசுக்களை நமக்கு நெருங்கியனவாக்கிய கூர்நோக்கு அவற்றில் இல்லை. இசை நுணுக்கம் பற்றிய பாடல்களின் சிறப்பினை யாம் மறுக்கவில்லை. அது வேறு கட்டுரைக்குரியது.

திருமூலர் புராணம் அளவிற் சிறிது. எம் நோக்கிற்கு அதுவே மூன்றனுள் சிறந்தது. காவிரிக்கரைச் சாத்தனூரில் மூலன் இறந்துகிடக்கப் பசுக்கள் அவனைச் சுற்றிக் கதறுகின்றன, சுழல்கின்றன, மோக்கின்றன. அவற்றின் துயர் நீக்குவான் சிவயோகியார் அவ்வுடலிற் புகுந்து எழுகின்றார். உடனே பசுக்கள் நக்கி, மோந்து, கனைத்து, வாலெடுத்து உலவி, மீண்டும் மேயச் செல்கின்றன. மேய்தலுக்குத் திரும்பின என்பது சிறு செய்திபோல் தோன்றும். ஆயின் கலங்கிய மாடு தீனி எடாது. தீனி எடுத்ததே கலக்கம் தீர்ந்தமைக்குச் சான்று. கதிரவன் சாயும்போது அவை கன்றை நினைந்து தாமே முன்னே மெல்ல நடக்க, அவர் பின்னே செல்கிறார். மாட்டின் தோளுக்குப் பின்னே ஆள் நின்றால் அது முன்னே நடக்கும். முன்னே நின்றால் தயங்கும். முல்லைப்பாட்டின் கோவலரும் பின்னின்றே ஓட்டுகின்றனர். அவர் கையில் வளைந்த கோல் இருக்கின்றது. இங்கே கோல் பேசப்படவில்லை. கன்றின் நினைவே ஓட்டுகின்றது.

ஊருக்கு வந்தபின் நிகழ்வது இன்னும் கருதத்தக்கது. மூலன் மனைவி அவரைக் கண்ட சிறிது நேரத்தில் வேறுபாட்டை உணர்கின்றாள். நாள் முழுதும் உடனிருந்த பசுக்கள் உணரவில்லை. இதனைப் பசுக்களின் அறியாமை எனல் தவறு. மாடுகள் தம்மொடு பழகும் மனிதரைத் தனித்தனியே அறியும் என்பதும், அதற்கு ஆடையின் நிறம் போன்ற புறத்தோற்றங்களைத் துணைக்கொள்ளும் என்பதும் 1990-களிற் செய்த சோதனைகளால் விளங்கின. மோந்தும் நக்கியும் அறிவதற்கு உரிய உடல் அதே உடல். நடத்தும் முறையும் அதே பரிவு. பசுக்கள் கேட்பன இவ்விரண்டுமே. மனைவி கேட்பது உறவு, அது அங்கில்லை. ஒரே ஆள்மாற்றத்தை ஈரிடத்து நிறுத்தி, ஒன்றில் ஏற்கப்படுவதாகவும் மற்றொன்றில் மறுக்கப்படுவதாகவும் காட்டியது சேக்கிழார் கலைத்திறம். பசுக்களின் இயல்பை அவர் பிழையாகக் கண்டிருந்தால் இவ்வேறுபாடு நில்லாது.

நக்குதலும் மோத்தலும் அன்பின் அடையாளமாகப் புலவர்கள் வழிவழிக் கூறும் மரபு மட்டுமே என ஒரு தடை எழலாம். மாடுகள் ஒன்றையொன்று நக்குதல் மந்தையுள் உறவை நிலைநிறுத்தும் செயல். மேலை ஆப்பிரிக்க ஃபுலானி ஆயரைப் பற்றி லாட், ஹார்ட் என்னும் இருவர் 1979-இல் எழுதிய கட்டுரை, அவ்வாயர் அதட்டலோடு தடவிக்கொடுத்தலையும் கையாண்டு மந்தையுள் ஒருவராகவே ஆகிவிடுவதனை விளக்குகின்றது. 2008-இல் வெளிவந்த வியன்னா ஆய்வொன்று, கழுத்தின் அடிப்புறத்தைத் தடவும்போது பசு கழுத்தை நீட்டிக் காதுகளைத் தொங்கவிட்டு நிற்பதனைப் பதிவு செய்தது. நம் உழவர் அலைதாடியைச் சொறிந்துகொடுப்பதும் இதுவே. மரபு என்பதனாலேயே ஒரு செய்தி காட்சியினின்றும் எழாதது ஆகிவிடாது.

மரபுவழிச் செய்தியின்படி வேளாளர் குடியிற் பிறந்து இரண்டாம் குலோத்துங்கன் அவையில் அமைச்சராயிருந்தவர் சேக்கிழார். தொழுவ அறிவு அவருக்குக் குடிவழி வந்ததா, நாடு சுற்றியபோது வந்ததா என்பதனை ஆராய்ந்து முடிவு காண்டற்குச் சான்றுகள் போதா. செய்யத்தக்கது வேறொன்று உண்டு. புனிறு, நாகு, பதவு, அசைவிடல், கனைத்தல் முதலிய சொற்கள் இம்மூன்று புராணங்களிலும் எப்பொருளில் வருகின்றன என்பதனையும், அவற்றிற்கு நேரான ஊர்வழக்குகள் மாவட்டந்தோறும் எவை என்பதனையும் தொகுத்தல் வேண்டும். கறவைப்பொறி வந்து, கன்றைக் காட்டாமலே கறக்கும் முறை பரவி, பால் இறங்குவதற்கு ஊசி போடும் தீய வழக்கமும் ஆங்காங்கே புகுந்துவிட்ட இக்காலத்தில், அச்சொற்களை வாயிற்கொண்ட முதியோர் குறைந்து வருகின்றனர். காவிரிப் படுகையிலும் கொங்குநாட்டிலும் இத்தொகுப்பைத் தொடங்குவது எளிது. உரைகளில் ‘ஒருவகைப் புல்’ என்றும் ‘ஒருவகை ஒலி’ என்றும் நிற்கும் இடங்களுக்கு அங்கே விளக்கம் கிடைக்கக்கூடும்.